பியானோக்காரி கைக்குத் தகுந்த துப்பாக்கி

கிறிஸ்துமஸ் மரத்தின் அடியில் வெர்லீனுக்கென்று வைத்திருந்த பொட்டலம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. கொடுத்தவர் ஹாலிஸ், அவள் கணவர் ராய்ஸின் அண்ணன். ராய்ஸ் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கிறிஸ்துமஸ் சாப்பாடு ஹாலிஸ் வீட்டில்தான் என்ற வழக்கம் மாறவில்லை. வான்கோழியும் சோள ரொட்டியும் முடிந்து, பீக்கன் பை என்கிற இனிப்பு வருவதற்கு முன்னால் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. பிடி மட்டும் ரோஜா நிறம்.

"எப்படி? குளிக்கிற சோப்பு மாதிரி இருக்குல்ல?" என்றார் ஹாலிஸ். "கைப்பையில போட்டா தேடித்தான் எடுக்கணும். உனக்குன்னே செஞ்ச மாதிரி."

"ரொம்ப அழகா இருக்கு ஹாலிஸ்" என்றாள் வெர்லீன். அது பொய்யில்லை. அழகாகத்தான் இருந்தது.

எங்கள் ஓக்லஹோமா பக்கத்து ஆண்கள் மனைவிக்குக்கூட பூட்ஸ் வாங்கிவர மாட்டார்கள். அளவு தெரியாமல் எப்படி வாங்குவது என்று நியாயம் பேசுவார்கள். துப்பாக்கி என்றால் மட்டும் எவளையும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வந்துவிடுவார்கள். கடையில் இருப்பதிலேயே சிறியது எதுவோ அது பெண்களுக்கு என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

வெர்லீனுக்குத் துப்பாக்கி புதிதில்லை. மான் வேட்டைக்கு ராய்ஸோடு போனவள்தான். ஆனால் உடம்பிலேயே ஒன்றை மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அக்டோபரில்தான் வந்தது.

சீடர் ஃபோர்க் சபையில் அவள்தான் பியானோ வாசிப்பவள். பியானோ முன்னால், மேடைக்கு இடப்பக்கம், சற்றுத் திருப்பிப் போடப்பட்டிருக்கும். சபையில் எல்லோருக்கும் வாசல் முதுகுப்பக்கம். பாஸ்டர் வேட் மட்டும் வாசலைப் பார்த்து நிற்பார், ஆனால் ஜெபிக்கும்போது அவரும் கண்ணை மூடிவிடுவார். அந்த நேரத்தில் மெல்ல வாசித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள் வெர்லீன் ஒருத்திதான்.

அக்டோபர் ஞாயிறு ஒன்றில், எல்லோரும் தலைகுனிந்திருந்தபோது ஒருவன் உள்ளே வந்தான். முன்பின் பார்த்திராத முகம். நீளக் கோட்டு. வலது கை கோட்டுக்குள் இருந்தது. நடுவழியே நேராக நடந்துவந்து மூன்றாவது வரிசையில் நின்றான். அந்த வரிசை ஓரத்தில்தான் வெர்லீனின் பேத்தி கென்லி உட்கார்ந்திருந்தாள். அவன் குழந்தையின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, கோட்டுக்குள் கையை வைத்தபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்லீனின் விரல்கள் நிற்கவில்லை. நிறுத்தினால் எல்லோரும் திரும்புவார்கள், அவன் மிரளுவான் என்று தோன்றியது. அதைவிடப் பெரிய காரணம், வாசலில் ஹாலிஸ் நின்றார். சபைக் காவல் குழுவின் தலைவர் அவர். அவர் கோட்டுக்குள் அந்தப் பெரிய எஃகுத் துப்பாக்கி இருப்பது ஊருக்கே தெரியும். ஹாலிஸ் பார்த்துக்கொள்வார் என்ற ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் பாட்டை வாசித்து முடித்தாள்.

வந்தவன் பாவம். பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து, கை ஒடிந்து, ஒடிந்த கையைக் கோட்டுக்குள் தாங்கிப் பிடித்துக்கொண்டு உதவி கேட்க வந்திருக்கிறான். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை. கடைசியில் அவனே தரையில் உட்கார்ந்து அழுதான். பெண்கள் அவனுக்குக் காப்பி கொடுத்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, சபையார் அந்த வாரம் முழுவதும் அதையே பேசினார்கள்.

வெர்லீன் பேசவில்லை. கென்லியின் உச்சிவகிடும் அதற்கு மேலே அந்தக் கோட்டும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. மறு வாரமே பாஸ்டரிடம் போய், காவல் குழுவில் தன்னையும் சேர்க்கச் சொன்னாள்.

"வாசலைப் பாக்குறது நான் ஒருத்திதான் பாஸ்டர். கண்ணு என்கிட்ட இருக்கு. கையும் என்கிட்டயே இருக்கட்டும்."

பாஸ்டர் மறுக்கவில்லை. ஆனால் குழுவுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, ஹாலிஸின் மேய்ச்சல் நிலத்தில் சனிக்கிழமை நடக்கும் சுடும் தேர்வில் தேற வேண்டும். எதை வைத்துத் தேறுகிறோமோ அதையேதான் ஞாயிற்றுக்கிழமை உடம்பில் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, சபையில் யார் கண்ணிலும் கையிலும் அது தட்டுப்படக்கூடாது.

இரண்டாவதுதான் கஷ்டம். எங்கள் சபையில் முதல் பாட்டு முடிந்ததும் வாழ்த்து நேரம். எல்லோரும் இடத்தை விட்டு எழுந்துபோய் எல்லோரையும் கட்டிப்பிடிப்பார்கள். அதிலும் ஓபலீன் என்றொரு விதவை இருக்கிறாள், வயது எண்பதைத் தாண்டும், பிடி மட்டும் இரும்பு. அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போகிற ரகமில்லை. இடுப்போடு சேர்த்து இறுக்குவாள். போன வசந்தத்தில், சபை மூப்பர்களான டீக்கன்களில் ஒருவரும் காவல் குழுவில் இருந்தவருமான ட்ரெண்டை அப்படி இறுக்கியவள், சட்டென்று விலகி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிரதர், இடுப்புல கட்டி வந்திருக்கே! டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

அதோடு விட்டாளா? அங்கேயே அந்தக் கட்டியின் மேல் கைவைத்து, கர்த்தர் அதைக் கரைக்க வேண்டும் என்று உரக்க ஜெபித்தாள். அத்துடன் ட்ரெண்டின் காவல் வேலை முடிந்தது. இப்போது சுடும் தேர்வுக்கு வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறார்.

ஹாலிஸை மட்டும் யாரும் கட்டிப்பிடித்ததில்லை. அவர் விட மாட்டார். "துப்பாக்கி வெச்சிருக்கிற ஆம்பளை கட்டிப்பிடிக்க மாட்டான், கையத்தான் நீட்டுவான்" என்பார். வாழ்த்து நேரத்தில் வாசலை விட்டு நகராமல், வருகிறவர்களுக்கெல்லாம் கையை முழ நீளத்துக்கு நீட்டிக் குலுக்கி அனுப்பிவிடுவார்.

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை, வெர்லீன் ரோஜாப் பிடியோடு மேய்ச்சல் நிலத்துக்குப் போனாள். மண் மேட்டில் காகிதச் சாப்பாட்டுத் தட்டுகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். குழுவைச் சேர்ந்த டீக்கன்கள் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள்.

பிடித்துப் பார்த்ததுமே அவளுக்குச் சரிப்படவில்லை. வெர்லீன் ஆள் குள்ளம், தோள் ஒடுக்கம். ஆனால் கை அப்படியில்லை. பியானோவில் ஒரு சுரத்திலிருந்து அதன் மேல் ஸ்தாயிச் சுரம்வரைதான் மற்றவர்கள் கை எட்டும், அவள் அதைத் தாண்டி இன்னும் இரண்டு கட்டை எட்டுவாள். அந்தக் கையில் அந்தக் குட்டிப் பிடி நடுவிரலோடு தீர்ந்துபோனது. மோதிர விரல் பாதி வழுக்கியது. சுண்டு விரலுக்கு இடமே இல்லை, அது காற்றில் நின்றது.

"சுண்டு விரலைப் பாரு!" என்றார் ஹாலிஸ். "விரலைத் தூக்கிக்கிட்டு ராணி வீட்டு டீயா குடிக்கிற?"

டீக்கன்கள் சிரித்தார்கள். அவள் சுட்டாள். சின்னதாக இருந்த வஸ்து கோவேறு கழுதைபோல உதைத்தது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்தது. தட்டு அப்படியே வெள்ளையாக இருந்தது. மறுபடி சுட்டாள். மறுபடியும் மண்தான் பறந்தது. தோட்டா ஏற்ற மேல் சட்டத்தை இழுத்து விடுவதற்கும் பிடிமானம் இல்லை, இரண்டு விரலால் ஜாடி மூடியைத் திறக்கிற பாடாக இருந்தது.

"பழகிடும்" என்றார் ஹாலிஸ். "பொம்பளைக்கு இதுக்கு மேல வேண்டாம் வெர்லீன். இதுவே அதிகம்."

"உங்களோடதைக் கொடுங்க."

"எதை? என்னோடதையா?"

"அதைத்தான்."

ஹாலிஸ் சிரித்துக்கொண்டே தன் பிக்கப் வண்டிக்கு நடந்தார். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு அவர் நடை ஒரு பக்கம் சாயும். வண்டிக்குள் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் முன்பெட்டியைத் திறந்து எஃகுத் துப்பாக்கியை எடுத்து வந்தார். கனம் என்றால் கனம், சமையலறை வாணலியைத் தூக்குகிற கனம். ஆனால் ஐந்து விரலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவள் சுட்டாள். உதைப்பு தோளுக்குப் போகாமல் அந்தக் கனத்திலேயே அடங்கிவிட்டது. தட்டின் நடுவில் ஓட்டை. அடுத்தது அதன் பக்கத்திலேயே.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு டீக்கன் காப்பியைக் குடிக்க மறந்து நின்றார்.

"சுடறது சரி, மாட்டறது எங்கே?" என்றார் ஹாலிஸ், கொஞ்சம் அவசரமாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு. "இதை உன் இடுப்புல மாட்டினா நீயே ஒரு பக்கமா சாஞ்சிடுவ. ஒண்ணு பண்ணு. பியானோ பெஞ்சுக்குள்ள பெரிசா ஒண்ணை வெச்சுக்கோ. மூடியைத் திறந்தா கையில. யாரு பாக்கப் போறா?"

"அந்தப் பெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா ஹாலிஸ்?"

"பாட்டுப் புஸ்தகம்."

"பெப்பர்மின்ட் மிட்டாய். ஞாயிறு பள்ளி முடிஞ்சதும் பத்துப் பிள்ளைங்க ஓடிவந்து அந்த மூடியைத் திறக்கும். என்னைக் கேக்காமயே திறக்கும். உடம்புல இருந்தாத்தான் அது என்கிட்ட இருக்குன்னு அர்த்தம். இல்லேன்னா அது எவன்கிட்டயோ இருக்கு."

ஹாலிஸ் துப்பாக்கியைக் கொண்டுபோய் மறுபடி முன்பெட்டியில் வைத்தார். வெர்லீன் அதைப் பார்த்தாள், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. அவள் கை எரிந்துகொண்டிருந்தது.

மறுநாளே அவள் ஊரில் துப்பாக்கி விற்கும் டப்பின் கடைக்குப் போயிருப்பாள், ஞாயிறு என்பதால் திங்கட்கிழமை போனாள். டப் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, பழக்கப்படி, கண்ணாடிப் பெட்டியின் ரோஜா நிறப் பக்கத்துக்கு நகர்ந்தான்.

"அங்க வேண்டாம் டப். இதைப் பாரு" என்று கையை விரித்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

டப் தன் கையைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தான். அவன் ஆறடி ஆள். அவன் கைக்கும் அவள் கைக்கும் நகக்கண் அளவுதான் வித்தியாசம்.

"அட, இத்தனை வருஷம் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"உங்க எல்லார் கண்ணுக்கும் முன்னாடிதான். ஞாயிறு தவறாம."

அன்று மாலைவரை அவள் கடையை விட்டுப் போகவில்லை. வருகிறவர்கள் வந்தார்கள், தூண்டில் முள்ளும் மான் வேட்டை அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று தானும் பார்த்து டப்பையும் பார்க்கச் சொல்லி, உறையில் போட்டு இடுப்பில் மாட்டினாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டியையே பியானோவாக வைத்துக்கொண்டு முழு ஞானப்பாட்டு ஒன்றை வாசித்தாள். சத்தம் வராத பாட்டுக்கு அவள் உதடு மட்டும் முணுமுணுத்தது. டப் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

"வலது பக்கம் எட்டும்போது ஒண்ணும் தெரியல. இடது பக்கம் சாயறீங்க பாருங்க, அப்ப சட்டையில ஒரு முக்கு முட்டுது."

"எது முட்டுது? குழலா, பிடியா?"

டப் குனிந்து பார்த்தான். "பிடிதான். அதோட அடி முனை."

அன்றைக்கு அவளுக்கு விளங்கியது அதுதான். எல்லோரும் துப்பாக்கியின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நீளம் காற்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது, அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. காட்டிக் கொடுப்பது வெளியே நிற்கும் பிடிதான். ஆனால் பிடியைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ராணி வீட்டு டீதான். குழல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், பிடி மட்டும் சுண்டு விரல் உட்காருகிற இடத்தோடு நிற்க வேண்டும், ஒரு நெல்லளவு அதிகம் வேண்டாம்.

அப்படி ஒன்று இருந்தது. நடுத்தரம். தட்டையான உடம்பு. நிறம் வெறும் கறுப்பு. இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் மாட்டி, மேலே ஒரு தொளதொளப்பான கார்டிகன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான்கு சரணமும் வாசித்தாள். தூண்டில் வாங்க வந்த ஒரு கிழவர் நின்று கேட்டுவிட்டு, வாசிக்காத அந்தப் பாட்டுக்குக் கைதட்டிவிட்டுப் போனார்.

"ஒண்ணும் தெரியல" என்றான் டப். "ஓபலீன் கட்டிப்பிடிச்சா?"

"நீ கட்டிப்பிடி."

டப் வெட்கப்பட்டான். கடையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, ஓபலீனைப்போல இடுப்போடு இறுக்கிக் கட்டிப்பிடித்தான். அவள் தன் கையை அவன் கைக்கு மேலே போடாமல் கீழே கொடுத்தாள். முழங்கை தானாக இறங்கி அந்த முனையை மூடிக்கொண்டது.

"கையைக் கீழ குடுக்குறீங்க. கெட்டிக்காரி" என்றான் டப்.

ஒரு மாதம் அதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தாள். பாத்திரம் கழுவும்போதும், கோழிக்குத் தீனி போடும்போதும், தனியாகப் பியானோவில் உட்காரும்போதும் கழற்றவில்லை. இடுப்பில் கன்றியது. பழகும் என்று பல்லைக் கடித்தாள், பழகியது. சுடவும் பழகினாள், உரிந்த தோல் ஆறிக் காய்த்துப்போகும்வரை. பிப்ரவரி சனிக்கிழமை மேய்ச்சல் நிலத்தில் அவள் தட்டுகளின் நடுவைத் துளைத்தெடுத்தாள். ஹாலிஸே ஓட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டு வந்து, "தேறிட்ட" என்றார். ரோஜாப் பிடி என்னவாயிற்று என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. அவளுக்கு வாழ்த்து நேரம் என்பதே புதிது. இருபது வருடமாக எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது பின்னணி வாசிப்பவள் அவள்தான். இரண்டாவது விதியிலும் தேறிக் காட்ட வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டதால், அன்றைக்கு மட்டும் பாஸ்டரின் மனைவி பியானோவில் உட்கார்ந்தாள். வெர்லீன் சனத்துக்குள் இறங்கினாள். கட்டிப்பிடித்தவர்களுக்கெல்லாம் கையைக் கீழே கொடுத்தாள். ஓபலீன் அவளைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பியானோக்காரி எந்திரிச்சு வந்துட்டாளே!" என்று இறுக்கினாள். எலும்பு நொறுங்குகிற இறுக்கு. அவள் விரல்கள் விலாவைத் தடவி, முதுகைத் தட்டி, இடுப்புவரை வந்தன. வெர்லீன் முழங்கையை இறக்கி முனையை மூடிக்கொண்டாள். ஓபலீன் விலகி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மெலிஞ்சு போயிட்ட பொண்ணே. தனியா இருந்தா சமைக்கிறதில்லையா? புதன்கிழமை வந்து சாப்பிடு."

அவ்வளவுதான். வெர்லீனுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டாள். எதிரே வாசலில் ஹாலிஸ் நின்றுகொண்டு கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ராய்ஸ் இருந்திருந்தால் அவனைக் கட்டிப்பிடித்திருப்பாள், இல்லாததால் அவன் அண்ணனை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

ஹாலிஸ் மரமாக நின்றார்.

அவள் கை அவர் இடுப்பைச் சுற்றிப் போயிருந்தது. வலது பக்கம் பெல்ட்டு. இடது பக்கம் பெல்ட்டு. முதுகில் சட்டை. முன்னால் வயிறு. ஒரு மாதமாகத் தன் உடம்பில் ஒன்றை மறைத்துப் பழகியவளுக்கு, எது எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதில்லை. அந்தப் பெரிய எஃகுத் துப்பாக்கி இருக்க வேண்டிய இடம் எதிலும் அது இல்லை. அவர் உடம்பில் துப்பாக்கியே இல்லை.

ஆராதனை முடியும்வரை அவள் பியானோவில் இருந்தாள். முடிந்ததும் அவர் பின்னாலேயே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். காற்றில் கொடிக்கம்பத்துக் கயிறு டங் டங்கென்று இடித்துக்கொண்டிருந்தது.

"எங்க அது?"

"எது?"

"ஹாலிஸ்."

அவர் தன் பிக்கப் வண்டியைப் பார்த்தார். "முன்பெட்டியில."

"எப்பத்திலிருந்து?"

"இடுப்பு ஆபரேஷனுக்கு அப்பறம். உக்காந்தா குத்துது. நின்னா கால் மரத்துப் போவுது. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுப் பாத்தேன். அப்பறம் வண்டியிலதானே இருக்கு, கூப்பிடு தூரம்தானேன்னு..."

"அக்டோபர்ல?"

அவர் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

"அக்டோபர்ல ஹாலிஸ்? கென்லி தலைக்கு மேல அவன் நின்னப்ப?"

"வண்டியிலதான் இருந்துது" என்றார் ஹாலிஸ்.

வெர்லீனுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவள் விரல்கள் நிற்காமல் ஓடியதற்கு இருந்த ஒரே காரணம் இந்த மனிதரின் இடுப்பு. அந்த வாசலில் ஒன்றுமே இல்லை, கோட்டு போட்ட ஒரு கிழவர் மட்டும் நின்றிருக்கிறார் என்று தெரிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது. பியானோவைத் தள்ளிவிட்டு ஓடியிருப்பாள். எதையாவது செய்திருப்பாள். அவளை அங்கே உட்கார வைத்து வாசிக்க வைத்தது வெறும் நம்பிக்கை.

"அவன் கை ஒடிஞ்சவனா இருந்தது நம்ம நல்ல நேரம்" என்றாள். "வேற எவனாவதா இருந்திருந்தா? உங்களை நம்பி நான் பாட்டு வாசிச்சேன். நாலு சரணமும் வாசிச்சேன்!"

"தெரியும்மா. அந்த நாளிலேர்ந்து எனக்கும் தூக்கமில்ல."

"அப்ப சின்னதா ஒண்ணு வாங்கி மாட்டறதுக்கு என்ன?"

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? சின்னது பொம்பளைங்களுக்குன்னு ஊரெல்லாம் சொன்னதே நான்தான். அந்தப் பெரிசைக் காட்டித்தான் இந்தப் பசங்களை நான் மிரட்டி வெச்சிருக்கேன். திடீர்னு பாக்கெட்டுலேர்ந்து சோப்புக் கட்டிய எடுத்தா சிரிக்க மாட்டானுங்களா?"

"சிரிக்கட்டும். என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க, நான் செத்தா போயிட்டேன்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"இன்னிக்கே பாஸ்டர்கிட்ட போய் நீங்களே சொல்றீங்க. நான் சொல்ல மாட்டேன். வாசல்ல வேற ஆள் நிக்கட்டும். நீங்க அடுத்த சனிக்கிழமை மேய்ச்சலுக்கு வாங்க. கிறிஸ்துமஸ் பரிசை நான் திருப்பித் தர்றேன்."

"அந்த ரோஜாவையா?"

"உங்க இடுப்புக்குப் பெரிசு ஆகாது. பெல்ட்டே வேண்டாம், பாக்கெட்டு போதும். பெரிசு பெரிசுன்னு வண்டிக்குள்ள வெச்சிருக்கிறதுக்கு, சின்னதா உங்ககிட்ட இருந்தா அதுதான் துப்பாக்கி. தேறினா வாசல்ல நில்லுங்க. தேறலைன்னா பெஞ்சுல உக்காந்து பாட்டுப் பாடுங்க."

அன்று மத்தியானமே ஹாலிஸ் பாஸ்டரிடம் போனார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது என்று பாஸ்டரின் மனைவி பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை எல்லா டீக்கன்களும் வந்திருந்தார்கள். அந்தப் பெரிய மனிதரின் முஷ்டிக்குள் ரோஜாப் பிடி முழுவதும் காணாமல் போனது. குழல் மட்டும் விரல்களுக்கிடையே எட்டிப் பார்த்தது. சுண்டு விரல் காற்றில் நின்றது. ட்ரெண்ட் வாயைத் திறந்தார். வெர்லீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ட்ரெண்டுக்கு இருமல் வந்துவிட்டது.

"ராணி வீட்டு டீயா ஹாலிஸ்?" என்று அவளே கேட்டாள். அவளுக்கு மட்டும்தான் கேட்க உரிமை இருந்தது.

"சர்க்கரை தூக்கல்" என்றார் ஹாலிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, சுட்டார். மண் பறந்தது.

அன்றைக்கு அவர் தேறவில்லை. குட்டித் தோட்டாக்களை மேகசின் என்ற தோட்டாக் கூட்டுக்குள் தள்ள அவர் தடித்த விரல்களால் முடியவில்லை, வெர்லீன் பக்கத்தில் உட்கார்ந்து அடைத்துக் கொடுத்தாள். மேகசினுக்கு அடியில் சுண்டு விரல் வைக்க நீட்டிவிடும் ஒரு துண்டை டப் கடையில் வாங்கிவந்து மாட்டினாள். அந்த வாரம் முழுவதும் மாலையில் மேய்ச்சல் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பெருவிரலுக்குப் பக்கத்தில் தோல் உரிந்தது. அவள் களிம்பு தடவிவிட்டாள், இரக்கம் மட்டும் காட்டவில்லை. "இன்னொரு தடவை" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தடவை சுடுவார். அடுத்த சனிக்கிழமை தட்டில் விழ வேண்டியவை விழுந்தன, சிலது ஓரத்தில்தான் விழுந்தன, ஆனாலும் விழுந்தன. எழுதிக் கொடுத்தவர் ட்ரெண்ட். சிரிக்காமல் எழுதினார்.

ஞாயிறு காலை ஆராதனை தொடங்குமுன் வெர்லீன் மேடைப்பக்கம் போகாமல் நேரே வாசலுக்கு வந்தாள். ஹாலிஸ் பழக்கத்தில் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, சபை முழுவதும் பார்க்க, இரண்டு கையாலும் அவரை இறுகக் கட்டிப்பிடித்தாள். காற்சட்டையின் முன்பையில், தொடைக்கு மேலே, சோப்புக் கட்டி அளவில் கெட்டியாக ஒன்று அவள் மேல் இடித்தது.

"இருக்கு" என்றார் ஹாலிஸ், அவள் காதருகே.

"நான் கேக்கல" என்றாள் வெர்லீன். "ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் வந்து பாத்துக்குவேன்."

பிறகு நடுவழியே நடந்தாள். மூன்றாவது வரிசையில் கென்லியின் உச்சியைத் தொட்டுவிட்டுப் போய்ப் பியானோவில் உட்கார்ந்தாள். பாஸ்டர் ஜெபிக்கச் சொன்னார். எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடினார்கள். வாசலில் ஹாலிஸும், பியானோவில் அவளும் மூடவில்லை. அவள் வாசிக்கத் தொடங்கினாள்.